அம்மாவின் காலை அமுக்கிவிடலாமா?

கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 64. சினைப்பைப் புற்றுநோய். வயிற்றில் நீர் கோத்து, மூன்று வாரமாக மதுரையில் ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கிறார். கடைசி கீமோ முடிந்து 12 நாள் ஆகிறது. இனி கீமோ வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்காகத் தோளில் ஒரு மருந்துப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்ததும் அவருக்குக் கால் அமுக்கிவிடுவது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. இப்போதும் "காலைக் கொஞ்சம் பிடித்துவிடு" என்று கேட்கிறார். பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறதாம். இடது கால் வலது காலைவிட வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறார். நேற்று அமுக்க ஆரம்பித்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "காலைத் தொடாதீர்கள்" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். காரணம் சொல்லவில்லை. தேய்த்தால் நோய் பரவும் என்கிறார் பக்கத்துக் கட்டில்காரர். பெரியம்மாவோ, ஊரிலிருந்து எண்ணெய் போட்டு உருவிவிடுபவரை அழைத்து வருகிறேன், கற்பூரத் தைலத்தைச் சூடாகத் தேய்த்தால் வீக்கம் வடியும் என்கிறார். அம்மாவின் இடுப்புக்குக் கீழே தோல் கன்றியிருக்கிறது. அங்கே பவுடர் போட்டுத் தேய்ப்பதும் பெரியம்மாதான். அப்பா எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார்.

என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. இதையாவது செய்யலாமா, கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

தம்பி, முதலில் அந்த இடது கால். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இதைப் படித்ததும் எழுந்து போய், டியூட்டி டாக்டரிடம் "இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். டாப்ளர் என்பது ரத்தக் குழாயில் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். ஏற்கெனவே பார்த்திருக்கலாம். சிஸ்டர் சத்தம் போட்டதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

புற்றுநோய் இருப்பவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். வாரக்கணக்கில் படுத்திருந்தால் காலில் ரத்த ஓட்டம் தேங்கும். உங்கள் அம்மாவைப் போல் அடிவயிற்றில் நோய் இருந்தால், காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவரும் குழாயான சிரையை அதுவே அழுத்துவதும் உண்டு. இவை எல்லாம் சேரும்போது கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் அதற்குப் பல காரணம் சொல்லலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாகவும் இருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை அது ரத்தக்கட்டிதான் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தக் காலை அமுக்கினால் கட்டியில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடக்கூடும். உயிர் போகிற விஷயம். திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு குத்துவது, இருமலில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

ஸ்கேன் முடிவு தெரியும்வரை வலது காலையும் விட்டுவிடுங்கள். கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள். ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்காக மறுநாளே அமுக்கக் கூடாது. அந்தக் காலில் கை வைப்பதை டாக்டர் சொல்லும்வரை மறந்துவிடுங்கள்.

ஆக, சிஸ்டர் சொன்னது சரி. சொன்ன விதம்தான் சரியில்லை. முப்பது நோயாளிக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் காரணம் சொல்ல நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், கூடாது என்று சொல்வதோடு எது கூடும் என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். உங்களுக்கு ஒரு யோசனை. "மசாஜ் செய்யலாமா?" என்று வார்டில் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொல்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. "அம்மாவை எந்தெந்த இடத்தில் தொடக் கூடாது?" என்று கேளுங்கள். நின்று பதில் சொல்வார்கள். மிச்சம் இருப்பதெல்லாம் உங்களுடைய இடம்.

இனி அமுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அமுக்குவது, பிடித்துவிடுவது, உருவுவது, நீவுவது, தடவுவது, வருடுவது: நம் பேச்சில் இத்தனை சொல் இருக்கின்றன, அழுத்தம் குறைந்துகொண்டே போகும் வரிசையில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலம் படித்த நாங்கள் எல்லாவற்றையும் மசாஜ் என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டதால்தான் பாதிக் குழப்பம். புற்றுநோயாளிகளுக்கு மசாஜ் செய்யப் பயிற்சி தரும் டிரேசி வால்டன் என்ற அமெரிக்கர் அழுத்தத்தை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார். முதல் படி, தோலில் லோஷனைப் பரப்பும் அளவு. இரண்டாவது, அதையே கொஞ்சம் அழுத்தித் தேய்க்கும் அளவு. படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் நான் முதல் படியிலேயே நின்றுவிடுவேன், இரண்டுக்கு அபூர்வமாகத்தான் போவேன். நம் கணக்கில் சொன்னால் தடவலும் வருடலும். அமுக்குவது தீப்பெட்டி ஆபீஸ் காலத்து அம்மாவுக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர், தோள் பிடித்துக்கொண்டது என்றார். கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்காமல் அவருடைய மேல்கையைப் பிடித்துவிட்டேன். வலிக்கவே இல்லை, இதமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நான்கு விரல், நாவல்பழச் சாறு பட்டது போல என் கை அப்படியே பதிந்திருந்தது. முந்தைய நாள் அவருக்கு, ரத்தம் கசியாமல் உறைய உதவும் தட்டணுக்கள் 14,000தான். பெரியவர் சிரித்தார். எங்கள் தலைமை மருத்துவர் சிரிக்கவில்லை.

தட்டணுக்கள் நம் எல்லோருக்கும் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை இருக்க வேண்டியவை. 50,000க்குக் கீழே போனால் வருடுவதோடு நிறுத்திக்கொள்வோம். 20,000க்குக் கீழே என்றால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதோடு சரி. கீமோவுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் ரத்த அணுக்கள் இறங்குவது வழக்கம். சினைப்பைப் புற்றுநோய்க்கு அதிகம் கொடுக்கப்படும் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து என்றால் தட்டணுக்கள் மூன்றாவது வாரம்வரைகூட இறங்கும். உங்கள் அம்மா இப்போது சரியாக அந்த நாட்களில் இருக்கிறார். கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண்ணைப் பாருங்கள், அது என்ன தேதி என்பதையும் பாருங்கள். பாதம் மரத்துப்போனதாகச் சொல்வதும் கீமோ நரம்பைத் தொட்டதால் இருக்கலாம். மரத்த இடத்தில் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அவருக்கே தெரியாது. "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று கேட்பார். கேட்டாலும் அழுத்தாதீர்கள்.

தோளில் ஒட்டிய பட்டை பெரும்பாலும் ஃபென்டனில் மருந்தாக இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதன் மேலும் சுற்றியும் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுவிடும். அதைவிட முக்கியம், சூடு படக் கூடாது. சூடு பட்டால் மருந்து உடம்புக்குள் இறங்கும் வேகம் கூடி, மயக்கம் அதிகமாகி, மூச்சு மெதுவாகிவிடும். பெரியம்மாவின் சூடான தைலத்துக்கு நான் சம்மதிக்காததற்கு இது ஒன்றே போதும். கற்பூர வாசனை குமட்டலைக் கிளப்பும் என்பது உபரிக் காரணம்.

அந்த எண்ணெய் வைத்தியரும் வேண்டாம். அவர் கைராசிக்காரராகவே இருக்கட்டும். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்கு ஒரு தனி முறையே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். சுளுக்குக்கும் வாதத்துக்கும் நல்ல வைத்தியம். ஆனால் சிரையில் கட்டி இருக்கலாம், தட்டணுக்கள் எவ்வளவு என்று தெரியாது, வயிறு நிறைய நீர் என்ற நிலையில் இருக்கும் உடம்பில் முறுக்கவும் இழுக்கவும் முறையாகப் படித்த சித்த மருத்துவரே சம்மதிக்க மாட்டார். பெரியம்மாவிடம் "பிசியோதெரபிஸ்ட் வேண்டாம் என்றார்" என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள், பரவாயில்லை. வயிற்றில் யாரும் கை வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பவுடர் தேய்ப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்த்துவிடுவது பல காலமாக மருத்துவமனைகளிலேயே நடந்த வழக்கம்தான். ஆனால் எலும்பு துருத்தும் இடத்தில் தோல் கன்றியிருக்கிறது என்றால் அடியில் சதை நசுங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். தேய்த்தால் அது இன்னும் பிய்ந்து படுக்கைப்புண்ணாகும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் பார்த்து, இருந்தால் சிஸ்டரிடம் காட்டுங்கள். அதற்கு மருந்து, அந்த இடத்தில் எடை விழாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. "வேறு எதுவும் செய்ய முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, இதைச் செய்யுங்கள். எப்படிப் புரட்டுவது என்று சிஸ்டரிடமோ உங்கள் வார்டு பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு: தடவிவிடுவதால் புற்றுநோய் பரவாது. புற்றுநோய்க் கட்டியின் மேலேயே அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, கூடாதவை முடிந்தன. கையைப் பார்ப்போம்.

ஊசி குத்தாத கை எது? அந்தப் பக்கம் உட்காருங்கள். நின்றுகொண்டு செய்யாதீர்கள், நின்றால் அவசரம் வரும், படுத்திருப்பவருக்கு அது தெரிந்துவிடும். நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், கடிகாரம் கழற்றுங்கள். மணிக்கட்டில் சாமிக் கயிறு கட்டியிருந்தால் அதையும். நனைந்து நனைந்து காயும் கயிற்றில் கிருமி தங்கும், மெலிந்த தோலைக் கீறவும் கீறும். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வேண்டாம். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். ஏசி வார்டில் உறைந்துவிடும், உள்ளங்கையில் வைத்தே உருக்கிக்கொள்ளலாம். ஐந்து சொட்டுக்கு மேல் தேவைப்படாது. அம்மாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் போகிறது என்றால் முகத்தின் பக்கம் எண்ணெய், தைலம், வாசலின் எதுவும் வேண்டாம்.

பிறகு கேளுங்கள்: "அம்மா, கையைத் தடவிவிடட்டுமா?" பெற்ற தாயிடம் என்ன அனுமதி என்று தோன்றும். மூன்று வாரமாக அவரை எத்தனை பேர் கேட்காமல் தொட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க, துணி மாற்ற, புரட்டிப் போட. வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடிய ஒரே தொடுதல் உங்களுடையதாக இருக்கட்டும். தலையை அசைத்து வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, மாலையில் மறுபடி கேளுங்கள். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழிந்த பிறகு நல்ல நேரம்.

முழங்கையின் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, கை முழுவதும் படுக்கையில் கிடக்கும்படி செய்யுங்கள். ஒரு கையால் அவருடைய உள்ளங்கையைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் முழு உள்ளங்கையையும் முழங்கைக்குக் கீழே வைத்து, மணிக்கட்டுவரை மெதுவாக இழுத்து வாருங்கள். விரல் நுனியால் வேண்டாம். விரல் நுனி குத்தும், கூசும். எவ்வளவு அழுத்தம்? பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் தண்ணீர் தெளித்துக் கையால் துடைப்போமே, தளிர் வாழை இலை என்றால் கிழியாமல் எப்படித் துடைப்போமோ, அந்த அளவு. எவ்வளவு வேகம்? முழங்கையிலிருந்து மணிக்கட்டு ஏறக்குறைய ஒரு சாண். மனதுக்குள் எட்டு எண்ணி முடிக்கும்போது மணிக்கட்டில் இருங்கள்.

எட்டு என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. தோலில், ரோமம் உள்ள இடங்களில், மெதுவான வருடலை மட்டும் மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாக விழிக்கின்றன. விநாடிக்கு 3 சென்டிமீட்டர் ஏறக்குறைய நடுவாந்தரம். தூங்க மறுக்கும் குழந்தையின் முதுகை வருடும் தாயின் கை, யாரும் அளந்து சொல்லாமலே இந்த வேகத்தில்தான் போகிறது.

மணிக்கட்டுக்கு வந்ததும் புறங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக, மோதிரத்தைக் கழற்றுவது போல நுனிவரை. மூட்டைச் சொடுக்காதீர்கள். கண் எப்போதும் அவர் முகத்தில் இருக்கட்டும். புருவம் சுருங்கினாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ, கால் விரல்கள் மடங்கினாலோ நிறுத்துங்கள். "வலிக்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், உங்களுக்காக இல்லை என்பார். ஒரு கைக்கு ஐந்து நிமிடம் ஏராளம். தூங்கிவிட்டால் கையைச் சட்டென்று எடுக்காமல், ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுங்கள். கைக்கு அடுத்து தலை: கீமோவில் முடி கொட்டிய தலையில் எண்ணெய் இல்லாமல் நெற்றியிலிருந்து பின்னால் வருடுவது பலருக்குப் பிடிக்கும். கண்ணாடியைக்கூடப் பார்க்க மறுத்த ஒரு அம்மா, தலையை வருடும்போது மட்டும் முக்காட்டைத் தானே எடுப்பார்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மூன்று ஆண்டுகளில் மசாஜ் பெற்ற 1,290 நோயாளிகளின் விவரத்தை 2004இல் வெளியிட்டார்கள். வலி, குமட்டல், பதற்றம் போன்றவற்றுக்கு அவர்களே கொடுத்த மதிப்பெண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. 2008இல் வந்த ஆய்வுதான் எனக்கு முக்கியம். முற்றிய புற்றுநோய் உள்ள 380 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்றவர்கள் மசாஜ் செய்தார்கள்; மறுபாதிக்கு மசாஜ் தெரியாதவர்கள் வந்து உடம்பில் சில இடங்களில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். செய்து முடித்த கையோடு பார்த்தால் மசாஜ் பெற்றவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது. அந்த வித்தியாசம் நாட்கணக்கில் நிற்கவில்லை. ஆனால் சும்மா கை வைத்தவர்களின் குழுவிலும் வலியும் மனநிலையும் தேறித்தான் இருந்தன. வித்தை தெரிந்த எனக்கு அது கொஞ்சம் கசப்பான முடிவுதான். உங்களுக்கு நல்ல செய்தி.

நோயை இது தொடாது. வீக்கம் வடியாது. சில மணி நேரம் உடம்பு இறுக்கம் தளரும், ஒரு வேளை தூக்கம் வரும். அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நாள் போகப் போக வருடலும் அதிகம் என்று ஆகும் ஒரு கட்டம் வரும். கைகால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும்போது, சூடு உண்டாக்கத் தேய்க்க வேண்டாம், ஒரு போர்வையும் பிடித்த கையும் போதும்.

வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தால், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருவதற்கு இடம் இருக்கிறது. பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, புண் பார்ப்பது எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்கும்.

கடைசியாக உங்கள் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நம் பக்கத்தில் அந்தத் தலைமுறை ஆண்கள் நாலு பேர் முன்னால் மனைவியின் கையைப் பிடித்து எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? "அம்மா கையைத் தடவிவிடுங்கள்" என்று நேரே சொன்னால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். அதனால் நாற்காலியை டிரிப் ஏறாத கைப்பக்கமாக, தலைமாட்டுக்கு நகர்த்திப் போடுங்கள். அவர் கண்முன்னால் இரண்டு நாள் நீங்கள் செய்யுங்கள். மூன்றாவது நாள் பாதியில் நிறுத்தி, எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, "இதைப் பிடியுங்கள் அப்பா, சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போங்கள். கீழே கேன்டீனில் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, மெதுவாக வாருங்கள்.